கை ஊன்றாமல்

1

இப்போதெல்லாம் ஜனங்கள் கையில் ஒன்றும் இல்லாமலே வியர்க்கிறார்கள். நான் கோடவுனில் மூட்டை தூக்கியவன். ஏற்றினால் கூலி, இறக்கினால் கூலி. இவர்கள் தங்கள் உடம்பையே தரையிலிருந்து தூக்கி அதே இடத்தில் திரும்ப இறக்குகிறார்கள். அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். கேட்டால் சேலஞ்ச் என்கிறார்கள். யார் சவால் விட்டுக் கூப்பிட்டார்கள் என்று கேட்டால் போனைக் காட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் ஒருத்தர் மொட்டைமாடியில் பலகை மாதிரி விறைத்துக் கிடந்தார். என்னமோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போய்க் கிட்டே போனால், "டைம் ஓடுது, பேச்சுக் குடுக்காதீங்க" என்கிறார்.

இந்தக் கதைக்குக் காரணம் அவர் இல்லை. ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிக்கொண்டே போனால் எங்கேயாவது தெரிந்துவிடும் என்று உட்கார்ந்தேன். இந்த வரி வரைக்கும் தெரியவில்லை.

2

எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே பாதிப் பேப்பர் வீண்.

மேலப்புதூரில் அற்புதசாமி என்று ஒரு வீரர்— (வீரரா? மாடிப்படியில் இரண்டு தடவை நின்று போகிற ஆள். அடித்துவிட்டேன்.)

கைலாசபுரம் பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அற்புதசாமி, தள்ளாத வயதிலும் விடாமுயற்சியால்— (விடாமுயற்சி என்று எழுதினால் ஜெயித்துவிட்டான் என்று ஆகிவிடும். அது எனக்குத் தெரியாது.)

அற்புதசாமி விழுந்தான்.

இது இருக்கட்டும். இதில் சந்தேகம் இல்லை.

3

அற்புதசாமி விழுந்தான். சமையலறையில், காலையில். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறவன். அடி பெரிதாக இல்லை, ஆனால் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா மதியம் மீன் குழம்பு கொடுக்க வந்து கூப்பிட்டுப் பார்த்து, ஆள் சேர்த்துத் தூக்கினாள். "சும்மா படுத்திருந்தேம்மா, தரை ஜில்லுன்னு இருந்துச்சு" என்றானாம். அந்தம்மா நம்பவில்லை. ஓசூரில் இருக்கிற அவன் மகள் பெலிண்டாவுக்குப் போன் போய்விட்டது.

அவள் வந்தாள். நானும் அங்கே இருந்தேன். பாக்டரிக்குச் சரக்கு இறக்கப் போன காலத்திலிருந்து எனக்கும் அவனுக்கும் பழக்கம்.

"அப்பா, பெட்டியக் கட்டுங்க. ஓசூருக்குப் போலாம்."

"அங்க என்னம்மா இருக்கு? லிஃப்ட்ல ஏறி லிஃப்ட்ல இறங்கணும். பக்கத்து வீட்டுக்காரன் பேரு உனக்கே தெரியாது."

"இங்க பேரு தெரிஞ்சு என்ன பண்ணுனீங்க? அரை நாள் தரையில கிடந்தீங்க."

அவன் பெட்டியைத் தொடவில்லை. அவள்தான் கொஞ்சம் இறங்கி வந்தாள். போனில் எதையோ காட்டினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை எங்கேயும் ஊன்றாமல் எழ வேண்டும். வயதானவர்களுக்கு இது ஒரு சோதனையாம்.

"ஒரு மாசம் டைம் தரேன். இத மாதிரி எழுந்து காட்டுங்க, நீங்க இங்கயே இருங்க. நான் வாயே திறக்க மாட்டேன். முடியலேன்னா ஓசூர்."

"சரி."

"சரின்னா?"

"எழுந்து காட்டுறேன்னு அர்த்தம்."

(இங்கே அற்புதசாமியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும் என்கிறார்கள் கதை தெரிந்தவர்கள். படிக்கிறவர்களுக்கு அவன் மேல் பிரியம் வருமாம். எனக்கே அவன் மேல் பாதி நாள் கோபம்தான். விட்டுவிடுகிறேன்.)

4

மைதானத்தில் பூவரசன் என்று ஒரு பையன் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறான். தம்பிள்ஸ் கிடையாது, மெஷின் கிடையாது. அவரவர் உடம்புதான் பாரம். அற்புதசாமி அங்கே சேர்ந்தான். நான் வேடிக்கைக்குப் போனேன்.

முதலில் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னான். பிறகு ஸ்டூல். பிறகு மணைப்பலகை.* உயரம் குறைந்துகொண்டே வந்தது.

"ஐயா, தொப்புனு உட்காராதீங்க. நிதானமா இறங்குங்க, இறங்குறதுலதான் பலமே வரும். குதிகால் தூக்கக் கூடாது. நெஞ்ச முன்னாடி கொண்டு போங்க, மூச்ச விட்டுக்கிட்டே எழுங்க."

"மூச்ச விட்டா எப்படிப்பா தம் இருக்கும்?" என்று நான் கேட்டேன். மூட்டை தூக்கும்போது நாங்கள் அடக்கித்தான் தூக்குவோம்.

"அடக்குனா பிரஷர் ஏறும் தாத்தா."

எனக்கு இது புரியவில்லை. நான் அடக்கினேன், இன்னும் உயிரோடு இருக்கிறேன். அவன் சொன்னபடி கேட்டு அற்புதசாமியும் மணையிலிருந்து எழுந்துவிட்டான். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? தெரிந்தவர்கள் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

* மணையிலிருந்து எழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். மணைக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. கதையே அந்தச் சாணில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

5

மகளுக்கு அனுப்ப வீடியோ எடுக்கிற அன்றைக்குப் பூவரசனை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. "அவன் இருந்தா, அவன்தான் தூக்கி விட்டான்னு அவ சொல்லுவா. நீ எடு" என்று அற்புதசாமி தன் போனை என் கையில் கொடுத்தான்.

"ஆடாம பிடிய்யா."

"பிடிச்சிருக்கேன், நீ உட்காரு."

அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். படம் என்றால் முகம் தெரிய வேண்டும். முகம் இல்லாமல் காலை மட்டும் எடுத்தால் யார் கால் என்று யாருக்குத் தெரியும்? அவன் உட்கார்ந்தான். போனில் தலை காணாமல் போய்ச் சுவரில் இருந்த காலண்டர் வந்தது. நான் போனை இப்படி அப்படித் திருப்பித் தலையைத் தேடினேன். 'டப்' என்று ஒரு சத்தம். தலை மேலே வந்தது. முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

அனுப்பிவிட்டோம்.

6

பெலிண்டா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அப்பா தலை கீழ போகுது. அப்புறம் காலண்டர். அப்புறம் தலை வருது. கை எங்க மாமா?"

"முகம் தெரியணும்னு பிடிச்சேம்மா."

"அவர் முகம் எனக்குத் தெரியாதா? நடுவுல ஒரு சத்தம் கேக்குதே. கைய ஊணினாரா?"

கையாக இருக்கலாம். முட்டி சொடுக்கியிருக்கலாம். பக்கத்தில் கிடந்த மணையைக் கால் இடித்திருக்கலாம். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஆள் எழுவதை விட்டுவிட்டு, கைக்குள் இருந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவர் மறுபடி எடுக்க மாட்டேங்கிறார் மாமா. நீங்க பக்கத்துலதான நின்னீங்க, நீங்க சொன்னா நான் நம்புறேன்."

"யோசிச்சு சொல்றேம்மா."

"பார்த்தத சொல்றதுக்கு என்ன மாமா யோசனை?"

7

முடிவுகள்.

ஊன்றவில்லை என்று சொல்கிறேன். அவன் மேலப்புதூரிலேயே இருக்கிறான். ஒருநாள் மறுபடி விழுகிறான், அன்றைக்கு ஷரபுன்னிசா ஊரில் இல்லை— (இதற்கு மேல் எழுத மாட்டேன்.)

ஊன்றினான் என்று சொல்கிறேன். பெட்டி கட்டுகிறான். ஓசூரில் லிஃப்ட் கதவு மூடுகிறது. அவன் உண்மையிலேயே ஊன்றாமல் எழுந்திருந்தால்?

எழுதுகிறவன் நினைத்தால் கையை ஊன்ற வைக்கலாம், வைக்காமலும் விடலாம் என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பெண் என்னிடம் கதையா கேட்டாள்?

8

இன்றைக்குக் காலையில் பஸ் ஏறி அவனிடமே போனேன்.

"சாமி, உண்மையச் சொல்லு. கைய ஊணினியா?"

"நீதான்யா பார்த்த."

"நான் பாக்கல. போனப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"எழும்பும்போது எனக்கு என் கால்தான் ஞாபகம். கை எங்க போச்சுன்னு யாரு கண்டா. ஊணலேன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"அப்ப நீயும் நம்பல."

"நம்பலேன்னு சொன்னேனா? அப்ப இன்னொரு தடவ ஏன் எடுக்க மாட்டேங்கிற?"

"பெத்த பொண்ணுக்கு எத்தனை தடவய்யா வித்தை காட்டுறது?" என்றவன், வேட்டியை மடித்துக் கட்டினான். நாற்காலியைத் தள்ளி வைத்தான். "சரி. போனு வேணாம். நீ கண்ணால பாரு."

நிதானமாகக் கீழே இறங்கினான். குதிகால் தூக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான்.

நான் செருப்பைத் தேடினேன்.

"யோவ், எங்கய்யா போற?"

இன்றைக்கு எழுந்தால் அன்றைக்கும் எழுந்தான் என்று ஆகிவிடுமா? இன்றைக்கு முடியாவிட்டால், அதையும் நான்தானே ஓசூருக்குச் சொல்ல வேண்டும்? அவனிடம் இதைச் சொல்லத் தெரியவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

நீங்கள் உள்ளேயே இருங்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இதையும் பார்த்துவிடுங்கள். அவன் முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் பெலிண்டாவுக்கு நீங்களே சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது, அது வேறு விஷயம்.

நான் தெருவில் இறங்கி நடந்தேன். வாசல் கதவை மட்டும் சாத்தாமல் வந்துவிட்டேன்.