படத்துக்குப் பக்கத்து இடம்

சியோல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத் துக்கக் கூடத்தில் மலர்வளையங்கள் வந்த வரிசையில் நிற்பதில்லை. அனுப்பியவரின் அந்தஸ்துப்படிதான் நிற்கும். அதனால் தொலைக்காட்சி நிலையம் அனுப்பிய ஆளுயர வளையத்தைத் தம்பி தோஹியோன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தான். அக்கா உன்சோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வடகொரியாவைப் பற்றி அப்பா வாரந்தோறும் பேசிவந்த நிகழ்ச்சியை இழுத்து மூடியதே அந்த நிலையம்தான்.

அங்கே இருப்பவர்கள் பைத்தியங்களும் அல்ல, பொம்மைகளும் அல்ல. யோசித்துப் பிழைக்கிற, பெண்டாட்டியிடம் திட்டு வாங்குகிற மனிதர்கள் என்று அவர் சொன்னார். அவ்வளவுதான். சிவப்பன், வடக்கின் கம்யூனிஸ்டு ஆள் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தப் பட்டத்தால் தோஹியோனுக்கு நிச்சயமான கல்யாணமே நின்றுபோனது.

நிலையத்து அதிகாரி, துக்கத்துக்கு வருபவர்களுக்குப் போடும் மாட்டுக்கறிச் சூப்பைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அப்பாவுக்கு அஞ்சலி நிகழ்ச்சி போடுவார்களாம். கடைசிக் காலத்தில் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று மட்டும் பிள்ளைகள் சொல்ல வேண்டுமாம். செத்தவருக்கு நல்ல பெயர், இருப்பவர்களுக்கு நிம்மதி என்று தோஹியோன் தலையாட்டிவிட்டான். உன்சோவும் களைத்துப்போயிருந்தாள். அப்பா பேசியதை யார்தான் காதில் போட்டுக்கொண்டார்கள்?

அப்போது ஒரு கிழவர் வந்து, தன் பெயர் பியோ என்றார். உன்சோவுக்கு அந்தப் பெயர் தெரியும். வடக்கிலிருந்து தப்பி வந்தவர். வாரம் தவறாமல் நிகழ்ச்சிக்குப் போன் போட்டு அப்பாவைக் கிழி கிழியென்று கிழித்தவர். இங்கேயும் சண்டைக்கு வந்துவிட்டாரோ என்று பயந்தாள். அவரோ படத்தின் முன் முறைப்படி இரண்டு தடவை விழுந்து வணங்கினார். எழுந்தபோது முகம் நனைந்திருந்தது.

"அவர் பேசுனதுல பாதி தப்பும்மா. அங்க பட்டினி கிடந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனா என் தங்கச்சி இன்னும் அங்கதான் இருக்கா. அவளையும் மனுஷியா நினைச்சுப் பேசுனவர் இந்த ஊர்ல இவர் ஒருத்தர்தான்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "கடைசியில மாறிட்டாருன்னு வெளியில நிலையத்து ஆளுங்க பேசிக்கிறாங்களே, நிசமா?"

அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"இல்லைங்க. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாரு," என்றாள் உன்சோ.

"என் கல்யாணம் நின்னப்பகூட மாறலைங்க," என்றான் தோஹியோன்.

எழுந்துபோய் அந்த வளையத்தைத் தூக்கிச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் வைத்தான். திரும்பி வந்து, காலியான இடத்தில் கிழவரை உட்காரவைத்தான்.