பியானோ ஸ்டூலின் முனகல்

ஹாலிவுட்டில் யாரையும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். "வேற திசையில போறாங்க" என்று மட்டும் சொல்வார்கள். என்னை விட்டுவிட்டு அந்தத் திசைக்குப் போனவர்களைக் குடிவைத்தால் ஒரு ஊரே நிரம்பும்.

தொலைக்காட்சித் தொடருக்கும் நாய்த் தீவன விளம்பரத்துக்கும் இசை போட்டுக் காலம் தள்ளிய எனக்குக் கிடைத்த முதல் பெரிய படம் அது. கடலில் செத்துப்போனவனின் சட்டையை அவன் மனைவி மடித்து வைக்கிற கடைசிக் காட்சிக்காகவே ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு காட்சியிலாவது என் இசை தியேட்டரில் கேட்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

இயக்குநர் டெரெக் என்னைத் தேர்ந்தெடுத்ததே கூத்து. என் பழைய தொடர் ஒன்றின் இசையை அவர் ஜிம்மில் ஓடும்போது கேட்பாராம். நான் அதை ஒரு சாவுக் காட்சிக்காக எழுதியிருந்தேன்.

படத்தை வெட்டி ஒட்டுகிற மாதங்களில், இசை வரும்வரை வெறுமையாக இருக்கக் கூடாது என்று வேறு படத்து இசை எதையாவது எடுத்துப் போட்டு வைப்பார்கள். அதற்கு டெம்ப் என்று பெயர். தற்காலிகம் என்றுதான் அர்த்தம். ஆனால் தினமும் கேட்டுக் கேட்டு இயக்குநர்களுக்கு அதன்மேல் காதல் வந்துவிடும். அப்புறம் கடவுளே வந்து வாசித்தாலும் எடுபடாது.

சட்டைக் காட்சிக்கு வீட்டுப் பியானோவில் வாசித்துப் பதிவு செய்து, மாதிரிக்காக டெரெக்கிடம் போட்டுக் காட்டினேன்.

"அழகா இருக்கு ரோவீனா. ஆனா டெம்ப்ல இருந்த அந்த ஏதோ ஒண்ணு இதுல இல்லையே."

"எது?"

"அது தெரிஞ்சா நானே எழுதிட மாட்டேனா?"

"அப்ப அதே மாதிரி எழுதித் தரவா?"

"ஐயோ, வேணாம், அதை எழுதினவன் கேஸ் போட்ருவான். அதே உணர்ச்சி மட்டும் போதும். அப்புறம், பின்னாடி கதவு திறக்கற மாதிரி ஏதோ சத்தம் வருது. அதை எடுத்துருங்க."

எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் டாக்கோ தின்றுகொண்டிருந்தபோது என் ஏஜென்ட் மார்சி கூப்பிட்டாள்.

"ரோவீனா, சாப்பிட்டியா?"

அவள் இப்படிக் கேட்டாலே கெட்ட செய்தி என்று அர்த்தம்.

"விஷயத்தைச் சொல்லு."

"வேற திசையில போறாங்க. உனக்குப் பதிலா ஓவென்னு ஒருத்தன். பத்திரிகைக்கும் சொல்லிட்டாங்க."

டாக்கோவைக் கார் கண்ணாடியில் விட்டெறிந்தேன். என் கார்தான். நானேதான் துடைத்தேன்.

சில வாரம் கழித்து அந்த ஓவெனே போன் செய்தான்.

"வெச்சிராதீங்க, ப்ளீஸ். நான் எழுதி முடிக்கற வரைக்கும் படத்துல உங்க பியானோவைத்தான் போட்டு வெச்சிருக்காங்க. அதைக் கேட்டுக் கேட்டு டெரெக்குக்குப் பைத்தியமே புடிச்சிருச்சு. நான் எதைக் கொண்டு போனாலும் 'ரோவீனாவோடதுல இருந்த அது இல்லையே'ங்கறாரு."

நான் டெம்ப் ஆகிவிட்டேன்! சிரிப்பதா, அவனைப் பிடித்து அறைவதா என்று தெரியவில்லை.

"அப்ப அதையே வெச்சுக்கச் சொல்லேன்!"

"சத்தியமா சொன்னேன். ஆளை மாத்தினது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, இனிமே பின்வாங்கினா கம்பெனிக்கு அசிங்கமாம்."

"பின்னே என்கிட்ட எதுக்கு வந்தே?"

"சட்டைக் காட்சில கடைசி சுரத்துக்கு முன்னாடி ஒரு முனகல் வருதே, அது எந்த வாத்தியம்? செல்லோ, வயலின், ரம்பம்னு எல்லாத்தையும் வாசிச்சுப் பார்த்துட்டேன். உயிரே இல்லைங்கறாரு."

எனக்கே புரியவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டேன். கேட்டதும் ரத்தம் தலைக்கேறியது.

"அது வாத்தியம் இல்ல ஓவென், என் பியானோ ஸ்டூல். கீழ் சுரத்துக்காக இடது பக்கம் சாயறப்ப முனகும். இதைத்தான் அந்த மனுஷன் எடுக்கச் சொன்னாரு!"

மறுநாள் வந்து ஸ்டூலை வாங்கிப் போனான். சாயங்காலமே மறுபடி போன்.

"நான் உக்காந்தா மூச்சு விட மாட்டேங்குது. நீங்க வந்து உக்கார முடியுமா?"

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காட்சியில் என்னுடையது ஏதாவது ஒன்று கேட்குமே என்ற சபலம் விடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. போனேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக் குழுவின் நடுவில் என் ஸ்டூல் தனியாக நின்றது, எதிரில் பியானோகூட இல்லை. உட்கார்ந்தேன். திரையில் அவள் சட்டையை மடித்தாள். ஓவென் எழுதிய இசை நகர்ந்து வந்து ஓரிடத்தில் நின்றது. நான் இடது பக்கம் சாய்ந்தேன். ஸ்டூல் முனகியது.

கண்ணாடி அறையிலிருந்து டெரெக்கின் குரல் ஒலிபெருக்கியில் அலறியது.

"இதேதான்! ஆரம்பத்துலேர்ந்து இதைத்தானே கேட்டுக்கிட்டு இருக்கேன்! யாரு வாசிச்சது?"

"ரோவீனா" என்றான் ஓவென்.

டெரெக் கண்ணாடி வழியே என்னை எட்டிப் பார்த்தார்.

"ஓ. அருமை ரோவீனா, ரொம்ப அருமை. ஒரே ஒரு விஷயம். டெம்ப்ல இருந்தது இன்னும் கொஞ்சம் சோகமா இருந்துச்சு, இல்ல?"

நான் மறுபடி சாய்ந்தேன்.