முற்றத்துப் பலகை

மகனை ஆற்றுக்குப் பறிகொடுத்த டார்லா, பிள்ளைகள் பயமில்லாமல் நீந்த ஊருக்கு ஒரு நீச்சல் குளம் வேண்டுமென்று வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். ஊர் நிர்வாகம் கடன் வாங்கிக் கட்டி, அதை வரியில் அடைக்க, ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் சம்மதிக்க வேண்டும். ஐம்பத்தெட்டுதான் தேறியது.

முடிவு தெரிந்த அன்று மாலையில் பக்கத்து வீட்டு வெர்லின் வந்து வாசலிலேயே நின்றார். பையனை ஆற்றிலிருந்து தூக்கி வந்தவர் அவர்தான்.

"நான் வேணாம்னுதான் போட்டேன், டார்லா. வரி ஏறினா வீட்டை வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்புறம் எதுக்கு உங்க முற்றத்துல 'குளத்துக்குச் சம்மதம்'னு பலகை?"

"தினமும் அந்த வழியாத்தானே போற. உன் மனசு நோகக் கூடாதேன்னு..."

டார்லா நிமிர்ந்து பார்த்தாள். தெரு நெடுக, முற்றத்துக்கு முற்றம் அதே பலகை. அவற்றில் எத்தனை இரக்கத்துக்காக நட்டவை என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.