கத்தி படாத அன்னாசி

ஆண்டாள் டீச்சருக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது. எண்ணெய்ப் பலகாரத்தை அறவே விட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாலைத் தேநீரோடு எதையாவது நொறுக்கிப் பழகிய வாய் தவித்தது. அதைப் பார்க்கப் பொறுக்காதவள் கிரேஸ். அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை; கள்ளக்குறிச்சியில் ஆண்டாளின் தெருக்காரி; சேரியிலிருந்து படித்து மேலேறி வந்த குடும்பத்தின் மகள்.

கிரேஸின் அண்ணன் சூசைக்கு வெள்ளிமலையில் வேலை. மலையிறங்கும்போதெல்லாம் அன்னாசிப்பழம் கொண்டுவருவான். ஆண்டாள் வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அவளும் மனமார வாங்கிக்கொள்வாள். முழுப்பழத்தை யார் வீட்டிலிருந்தும் வாங்கலாம். கத்தியோ நெருப்போ பட்டுவிட்டால்தான் அது 'அவர்கள் வீட்டுச் சமையல்'. மாமியார் வகுத்த சட்டம் அது. மாமியாரைப் புதைத்தாயிற்று, சட்டத்தைப் புதைக்கத்தான் அந்த வீட்டில் எவரும் குழி வெட்டவில்லை. மேடையில் முழங்குவதற்கு மாணவர்களுக்குச் சமத்துவத்தை எழுதிக்கொடுத்த அதே கைதான், அடுக்களை வாசலில் அந்தச் சட்டத்துக்குக் காவலும் நின்றது.

கிரேஸ் அந்த அன்னாசியைக் காகிதம்போல் சீவி, துணியில் ஈரம் ஒற்றி, ஓவனின் இளஞ்சூட்டில் திருப்பித் திருப்பி வாட்டி, மொறுமொறுவென்று ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். எண்ணெய் இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் பழந்தான் அக்கா என்று அழுத்திச் சொன்னாள். ஆண்டாள் சிரித்தபடி வாங்கினாள். மறுநாள், பள்ளியைக் கூட்டும் ஆயம்மாளின் பையில் அத்தனையையும் கொட்டினாள். கிரேஸ் செய்தது என்று சொல்லியே கொட்டினாள். டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, நன்றாக இருந்தது என்றாள். அடுத்த டப்பா வந்தது. அதுவும் அதே பைக்குப் போனது.

ஒருநாள் இருவரும் ஆசிரியர் அறையில் இருக்கையில் ஆயம்மாள் துடைப்பத்தோடு நின்றாள்.

"கிரேஸ் டீச்சர், உங்க அன்னாசி அப்பளத்துக்கு வூட்டுல பசங்க அடிச்சிக்கினு கெடக்குதுங்க. ஆண்டாள் டீச்சர் ஒண்ணுகூட வச்சிக்காம எனக்கே கொட்டிட்றாங்க, அவ்ளோ நல்ல மனசு. அடுத்த தபா கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க."

இனி உனக்கென்றே தனியாகப் போடுகிறேன் என்று கிரேஸ் அவளுக்கு வாக்குக் கொடுத்தாள். ஆண்டாள் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிறன்று கிரேஸ் ஆண்டாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கொண்டையோடு ஓர் அன்னாசி.

"முழுசா இருக்குக்கா. கத்தி படல."

வாங்கிய பழம் ஆண்டாளின் கையில் முள்ளாய்க் குத்தியது. மகன் வாங்கிப் போட்டிருந்த ஓவனைத் தூசி தட்டி இறக்கினாள். அந்தப் பழத்தையே சீவினாள், வாட்டினாள். ஆறும்வரை பொறுக்க மனமில்லை. தட்டில் அள்ளிக்கொண்டு கிரேஸ் வீட்டுக்கு நடந்தாள். போவதற்குள் எல்லாம் துவண்டுவிட்டன.

கிரேஸ் ஒன்றை எடுத்து உடனே வாயில் போட்டுக்கொண்டாள். சூட்டோடு எடுத்துவிட்டீர்கள், ஓவனிலேயே ஆறவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, இன்னொன்றையும் தின்றாள்.

அலமாரியில் நிறைந்த டப்பா ஒன்று இருந்தது. ஆண்டாள் கை நீட்டினாள்.

"அதுல ஒண்ணு குடு கிரேஸ். நான் தின்னதே இல்ல."

"அது ஆயம்மாவுக்கு எடுத்து வச்சதுக்கா. சொல்லிட்டேன்ல."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆண்டாள் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.