வடக்குச் சுவர்

ராணுவக் குடியிருப்பின் மூன்றாவது வரிசையில் ஏழாம் வீட்டின் வடக்குச் சுவர் வருடம் முழுவதும் ஈரமாக இருக்கும். தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை ஏறியிருந்தது. அதை ஒட்டித்தான் சார்ஜண்ட்டின் நாலு வயது மகளின் கட்டில். அந்த அறையில் வேறு இடம் கிடையாது. குழந்தைக்கு மூச்சிரைப்பு. இந்த மாதம் மட்டும் மூன்று முறை மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். “வீட்டை மாத்துங்க. இல்லைன்னா இந்தப் பிள்ளை தாங்காது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடு மாற்றக் கேட்டு சார்ஜண்ட் நாலு மனு கொடுத்திருந்தார். நாலும் ‘பரிசீலனையில்’ இருந்தன. வெளியே வாடகைக்குப் போக அவர் சம்பளம் இடம் கொடுக்கவில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் பரேடு கற்றுக்கொடுப்பவர். பதினாறு வருடமாக அதே வேலை. குடியிருப்புப் பெண்கள் அவருக்கு ‘இஸ்திரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தூக்கத்தில்கூட அவர் மடிப்பு கலையாது என்று கிளப்பிவிட்டவள் அவர் மனைவிதான்.

அந்த வாரம் ஒரு செய்தி வந்தது. சிப்பாய்களின் சம்பளத்தையும் வசதிகளையும் உயர்த்துவது பற்றி அரசுக்குப் பரிந்துரை செய்ய ஒரு குழு வருகிறது. மூன்றாவது வரிசையில் ஏதாவது ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்ப்பார்கள். கூடவே ஸ்டோரிலிருந்து வீட்டுக்கு ஒரு வாளி வெள்ளைப் பெயிண்டும் வந்து இறங்கியது.

“ஏங்க, பாப்பா மேல சத்தியமா சொல்லுங்க. அந்தச் சுவத்துல கை வைக்க மாட்டீங்கள்ல?”

“மாட்டேன்.”

“வாசல், ஜன்னல், எங்க வேணா அடிச்சுக்கோங்க. அந்த ஒண்ணை மட்டும் விட்ருங்க. அவங்க கண்ணால பாக்கட்டும்.”

“அதான் மாட்டேன்னு சொல்றேன்ல. அவ எனக்கும் பொண்ணுதானே?”

குழு வரும் நாள் காலையில் குழந்தைக்கு மறுபடி இழுத்தது. தோளில் போட்டுக்கொண்டு அவள் மருத்துவமனைக்கு ஓடினாள். பத்து மணிக்குத் திரும்பியபோது வாசலிலேயே பெயிண்ட் வாடை அடித்தது.

வடக்குச் சுவர் பளிச்சென்று இருந்தது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. செருப்புகள்கூட உயர வரிசையில் நின்றன. சார்ஜண்ட் பனியனோடு, கையில் பிரஷ்ஷோடு நின்றார்.

“யாராவது வந்து அடிக்கச் சொன்னாங்களா?”

“இல்லை. ஜன்னலைத்தான் முடிச்சேன். வாளியில மிச்சம் இருந்துச்சு. வெளியாளுங்க வர்ற வீடாச்சே... கை நிக்கலை.”

“கை நிக்கலையா? அவ மூச்சு நின்னா என்னங்க பண்ணுவீங்க?”

சண்டை போட நேரமில்லை. அவர் சட்டையை மாட்டிப் பொத்தான் போடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. அத்தனை வீடு இருக்க, குழு இந்த வீட்டைத்தான் கைகாட்டியிருந்தது. முன்னால் குழுவின் தலைவி, நரைத்த தலையும் கையில் நோட்டுமாக. பின்னால் முகாமின் கமாண்டர்.

“வீட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!” தலைவியின் வியப்பு நிஜமாகவே இருந்தது.

“இன்னிக்குக் காலையில அடிச்சதும்மா” என்றாள் மனைவி. “அடியில பூரா கறுப்பு. பிள்ளையால மூச்சு விட முடியலை. தொட்டுப் பாருங்க, ஈரம்.”

தலைவி தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. “புதுப் பெயிண்ட் ஈரமாத்தானே இருக்கும்?” என்றவர், சார்ஜண்ட் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. புகார் ஏதாவது இருக்கா?”

சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் ஓர் அதிகாரி வந்து கேட்கும் கேள்வி அது. அதற்கு ஒரே பதில்தான். அதை ஒரே குரலில் சொல்ல ஆயிரக்கணக்கான பேரைப் பழக்கியவர் அவரேதான்.

“புகார் இல்லை, மேடம்!”

குழந்தை திடுக்கிட்டு அழுதது. தலைவி குறித்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பின் நடுவே விழும் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி எறிந்தார். அடுக்களைக் கத்தியை எடுத்துச் சுவரைச் சுரண்டினார். கறுப்பும் காரையுமாக ஒரு தட்டு நிறைந்தது. தட்டோடு அதிகாரிகள் விடுதிக்கு ஓடினார். குழு அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தது.

வாசல் காவலுக்கு நின்றவன் அவரிடம் பரேடு கற்றவன்.

“சார், பனியனோட உள்ள விட்டா என் தோலை உரிச்சிடுவாங்க. நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?”

“உள்ள போகலைடா. வெளிய வரும்போது இதைக் காட்டணும். அவ்வளவுதான்.”

“என்ன சார் அது?”

“என் பொண்ணு மூச்சுல போறது.”

அவன் தட்டைப் பார்த்தான். “ரோட்டோரமா நில்லுங்க சார். நான் உங்களைப் பாக்கவே இல்லை.”

கால் மணி நேரத்தில் கொடி கட்டிய கமாண்டரின் கார் வந்தது. பின்னாலேயே குழுவின் வண்டி. வேகத்தடையில் இரண்டும் ஊர்ந்தன. தலைவியின் பக்கம் கண்ணாடி இறங்கியிருந்தது. இரண்டு எட்டு வைத்தால் போதும். அவர் தட்டை ஏந்திக்கொண்டு முன்னே வந்தார்.

கொடியைக் கண்ட காவல்காரன் மற்ற காவலர்களைப் பார்த்துக் கத்தினான். “அட்டென்ஷன்!”

சார்ஜண்ட்டின் குதிகால்கள் சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது. இரண்டு கைகளும் தொடையோரத் தையலில் போய் ஒட்டிக்கொண்டன. தட்டு கவிழ்ந்து தார் ரோட்டில் உருண்டது.

தலைவி திரும்பிப் பார்த்தார். ஆணி அடித்தாற்போல் நின்ற அந்த மனிதரைப் பார்த்து, மெச்சுவதுபோல் தலையசைத்தார். கண்ணாடி ஏறியது.

வண்டி கண்ணுக்கு மறையும் வரை அவரால் அசைய முடியவில்லை. பிறகு மண்டியிட்டு, சிதறிய காரையைக் கையால் கூட்டித் தட்டில் அள்ளத் தொடங்கினார்.

“போயிட்டாங்க சார்” என்றான் காவல்காரன். “இன்னும் எதுக்கு அள்றீங்க?”

“ரோட்டுல குப்பை கிடக்கக் கூடாதுடா” என்றார் சார்ஜண்ட்.