இரண்டு டப்பா யூரியா

என் தங்கைக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மண்ணிலிருந்து எழும்பும் வாயுவைப் பிடித்து அளக்கிற வேலை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தவன்தான். இந்த வருஷம் அவள் பரிசோதனைக்கு நிலம் தேடி அலைந்தபோது, "என் மக்காச்சோளக் காட்டையே எடுத்துக்கோ" என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காட்டுக்குள் எட்டுப் பாத்திகள் பிரித்தாள். நாலில் எப்போதும் போடுகிற யூரியா, இரண்டு தவணையாக. மற்ற நாலில் புது உரம். அதுவும் யூரியாதான், ஆனால் குருணை ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய பூச்சு இருக்கும். விதைக்கிற அன்று ஒரு தடவை போட்டால் போதும், கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பயிருக்குப் போகுமாம். சாதா யூரியா மொத்தமாகக் கரைகிறது, பயிர் தின்றது போக மிச்சத்தில் ஒரு பங்கு வாயுவாகி மேலே போகிறது, பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பொல்லாதது என்று விளக்கினாள். விளைச்சல் குறையாமல் அந்த வாயுவைக் குறைக்க முடியும் என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடு.

"நீ களை எடு, தண்ணி விடு, போதும்ணா. உரம் மட்டும் என்னைக் கேக்காம போடாத."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றேன்.

நாலாவது வாரம் பிடித்தது சனி. யூரியா பாத்திகள் கருகருவென்று நின்றன. பூச்சு உரம் போட்டதில் மூன்று சுமார். நாலாம் பாத்தி மட்டும் வெளுத்துப்போய், அடியிலையெல்லாம் மஞ்சளாக நின்றது. அது சாலையோரப் பாத்தி வேறு. பக்கத்துக் காட்டு டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

"என்னப்பா, தங்கச்சி படிச்ச படிப்புக்குப் பயிர் பட்டினி கிடக்குது?"

"உங்க வேலையைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அறுவடையில் இந்தப் பாத்தி கவிழ்ந்தால் ஊர் என்னைப் பார்த்தா சிரிக்கும், அவளைப் பார்த்துத்தானே சிரிக்கும். மறுநாள் காலை இரண்டு டப்பா சாதா யூரியாவை எடுத்துப்போய் நாலாம் பாத்தியில் தூவிவிட்டேன். திருட்டுத்தனம்தான், தெரியும். அன்று சாயங்காலமே மழை கொட்டியது. நன்றாகக் கரைந்து இறங்கும் என்று சந்தோஷம் வேறு பட்டேன், மடையன்.

மழை விட்டதும் தங்கை வந்தாள். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு இரும்பு வளையத்தை மண்ணில் பதித்து வைத்திருந்தாள். அதன்மேல் மூடியைப் போட்டு, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஊசிக் குழலால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து நம்பர் ஒட்டினாள். மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணா, நாலாம் பாத்தியில வாயு எகிறிடுச்சு. யூரியா பாத்தியைவிட ரெண்டு மடங்கு. எனக்கு ஒண்ணுமே புரியல."

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றேன். நாக்கு எப்படித்தான் புரண்டதோ.

அன்றே பெட்டி படுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். குப்பிகளின் ரப்பர் மூடிகளை எல்லாம் மாற்றினாள். மறுபடி காற்றைப் பிடித்து அனுப்பினாள், மறுபடியும் அதே கதைதான். சாப்பாட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

"நான் குப்பியை மாத்தி வெச்சுட்டேன்னு எங்க மேலதிகாரி நினைக்கிறார், அண்ணி. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லலைன்னா இதை வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்க" என்று என் மனைவியிடம் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "ஒருவேளை மாத்தித்தான் வெச்சுட்டேனோ என்னவோ" என்றாள்.

எழுந்து அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன், தாகமே இல்லாமல். பின்னாலேயே மனைவி வந்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

"அவ தன்மேலயே பழியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க வேடிக்கை பாக்குறீங்க. நாளைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

மறுநாள் வியாழக்கிழமை. தங்கை நாலாம் பாத்தியில் மண்டியிட்டு வளையத்தைச் சுற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை கிட்டே போய்த் திரும்பி வந்தேன். நாலாவது தடவை அவளே நிமிர்ந்து, "என்னண்ணா?" என்றாள். வெளுத்திருந்த பயிர், டிராக்டர்காரர், டப்பா, மழை, ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன்.

சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள்.

"எந்த டப்பா?"

"பால் பவுடர் டப்பா. பெருசு."

"தலை தட்டியா, குவிச்சா?"

"குவிச்சு."

"மழைக்கு எத்தனை மணி நேரம் முன்னாடி?"

சொல்லச் சொல்ல எழுதினாள். பிறகு, "நாலாம் பாத்தியைக் கணக்குலேருந்து தள்ளணும். மீதி மூணை வெச்சு ஒப்பேத்த முடியுமான்னு பார்க்கிறேன்" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது.

"வேற எந்தப் பாத்தியிலயாவது போட்டியா?"

"சத்தியமா இல்லம்மா."

தலையாட்டினாள். எழுந்துபோய் பெட்டியிலிருந்து மண் எடுக்கும் குழாயையும் ஒரு கட்டு பிளாஸ்டிக் பைகளையும் கொண்டுவந்தாள்.

"இது எதுக்கு?"

"மீதி ஏழுலயும் மண் எடுத்துப் பரிசோதிக்கணும்."

"அதான் இல்லன்னு சொல்றேனே."

"நீ சொல்றதை நான் எழுத முடியாதுண்ணா."

கோபமே இல்லாமல் சொன்னாள். அப்பா போன பிறகு இவளைத் தூக்கி வளர்த்தவன் நான். நான் சொன்னதை ஒருநாளும் அவள் சந்தேகப்பட்டு இரண்டாவது தடவை கேட்டதில்லை. குழாயை மண்ணில் இறக்கினாள். நான் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு ஏழு பாத்திக்கும் அவள் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொரு பை நிறைந்ததும் நம்பர் எழுதப் பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் பேனாவைத் தரவில்லை.