ஓசியில் வந்த ஆமை

புத்தக அலுமாரியை நிலத்தில் மல்லாக்கக் கிடத்தி, அதன் தட்டுகளை ஜெராட் ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தபோது, றஜீனா அறைவாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு முன் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டாத மனிசன், அன்று ஏழு மணிக்கே எழும்பி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஸ்குரூ ட்ரைவரைத் தேடினான். ஆம்பிளை ஒருத்தன் கேட்காமலே வீட்டுவேலை செய்தால் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். பத்து வருஷக் கலியாண வாழ்க்கையில் றஜீனா படித்த பாடம் இது. அந்த ஏதோ ஒன்று, பக்கத்தில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஈரத் துணியின் மேல் இருந்தது. உளுந்து வடையைவிடச் சின்ன ஆமைக்குஞ்சு. மகள் ஷெறோன், எட்டு வயது, முழங்காலில் நின்று மூச்சையும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு குடுத்தனீங்கள்?" என்று கேட்டாள் றஜீனா.

"ஒரு சதமும் இல்லை. என்னோட வேலை செய்யிற நிஷாந்த் சும்மா தந்தவன். அவன்ர வீட்டில ஆமை முட்டை போட்டு ஆறு குஞ்சு பொரிச்சிருக்கு."

"சும்மாவோ?"

அந்தச் சொல்லைத்தான் அவள் நம்பவில்லை. லண்டனில் ஆர் எதைச் சும்மா தருகிறான்? சும்மா வருவதற்குப் பின்னால் எப்போதும் ஒரு வால் வரும்.

ஜெராட் இதையெல்லாம் கவனிக்கவில்லை. இரண்டு கிழமையாகப் போனில் பார்த்துப் பார்த்து எல்லாம் படித்து வைத்திருந்தான். "கண்ணாடித் தொட்டி கூடாதாம். கண்ணாடியெண்டு அதுக்கு விளங்காது. வெளியில போகலாமெண்டு நினைச்சு நாள் முழுக்க முட்டிக்கொண்டு நிக்குமாம்," என்றான். அலுமாரியின் உட்பக்கம் பொலித்தீன் விரித்தான். உரம் கலக்காத மண்ணையும் வாளித் தண்ணீரில் ஊறி உப்பிய தும்புத்தூளையும் பிசைந்து நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினான். பெட்டியின் ஒரு தலைப்பில் சூட்டு லைற், அதற்குக் கீழே குளிர்காய ஒரு தட்டைக் கல். மற்றத் தலைப்பு குளிராக இருக்கவேண்டும் என்று அங்கே பாதியாக உடைந்த பூச்சட்டியைக் கவிழ்த்து வைத்தான், அது ஒளித்துப் படுக்க. இந்த ஊர் வெயிலை நம்பினால் ஓடு வளைந்துபோகுமாம், அதனால் வெயிலுக்குப் பதிலாக நீளமாக ஒரு குழல் லைற். பூச்சட்டித் தட்டில் தண்ணீர். காலை ஏழுக்கு எரிந்து பின்னேரம் ஏழுக்கு அணைய ஒரு ரைமர். தென்னைகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன் லூயிஷாமில் தும்புத்தூளைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்க றஜீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான்.

அவளுடைய பயம் வேறு, இந்த ஆமையால் ஏதாவது சட்டப் பிரச்சினை வந்தால் தன் விசா போய்விடும் என்று. ஜெராட்டிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. ஷெறோன் இங்கேயே பிறந்தவள். அந்த வீட்டில் விசாவுக்குக் காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் அனுப்பி ஐந்து மாதம். முன்னொரு முறை, அவர்களுடைய லோயர் ஒரு கடிதத்தின் கடைசிப் பக்கத்தை வைக்க மறந்துபோனதில் எல்லாம் திரும்பி வந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த இடைவெளியில்தான் தலைமன்னாரில் அவளுடைய அப்பா மோசம் போனார். செத்தவீட்டை அவள் போனில்தான் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் வரும் எந்தக் கடிதத்தையும் பார்க்காமல் எறிவதில்லை. பீட்சாக் கடைத் துண்டுப்பிரசுரத்தைக்கூட இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் குப்பைக்குப் போடுவாள். காற்றடித்தாலும் ஆர் அனுப்பினது என்று கேட்பாள் என்று ஜெராட் பகிடி பண்ணுவான். பகிடி பண்ணுவதற்கு அவனுக்கென்ன, பாஸ்போர்ட் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகப் படியிறங்கும்போதே முதல் அடி விழுந்தது. கீழ்வீட்டு ஜம்புநாதன் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, சிவன் கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். வாசலில் மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, மேல ஆமை வந்திருக்காம். பிள்ளை சொன்னவ. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதெண்டெல்லோ எங்கட ஆக்கள் சொல்லுறது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "சும்மா பகிடிக்குச் சொன்னனான், குறை நினைக்காதையுங்கோ."

அமீனா என்பவன் நீதிமன்றக் கட்டளையோடு வந்து வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறவன். வேதக்காரியான தனக்கு இந்தச் சகுனமெல்லாம் இல்லை என்று றஜீனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆமை வந்தாயிற்று, அமீனாதான் பாக்கி என்ற கணக்கு, பூசை முடியும்வரை மனசைவிட்டுப் போகவில்லை.

தேவாலய வாசலில் எமில்டாவிடம் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். எமில்டா பல்வைத்தியரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவள், பாதிச் செய்தியை முழுச் சத்தத்தில் சொல்கிறவள். "ஐயோ றஜீனா, சில ஆமையளுக்குச் சேர்ட்டிபிக்கற் இருக்கவேணும். இல்லாட்டிப் பைன் கட்டவேணும். மறியலிலயும் போடுவாங்களாம்!"

"எந்த ஆமையளுக்கு?"

"அது எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஜெராட்டைப் பிடித்தாள். விற்பதற்குத்தான் அந்தக் கடுதாசி, சும்மா கொடுப்பதற்குத் தேவையில்லை என்றான் அவன்.

"ஆர் சொன்னது?"

"நிஷாந்த்."

"தந்தவனே சொன்னா அது ஒரு சாட்சியோ?"

ஜெராட் ஆமைப்பெட்டிப் பக்கம் திரும்பி ரைமரைச் சரிபார்த்தான். பெரிய தாளாக ஒன்றைக் காட்டினாலொழிய இவளிடம் எதுவும் எடுபடாது என்று அவனுக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அவள் ஷெறோனைக் கூப்பிட்டு இருத்தினாள். "இனி ஆராவது கேட்டா, எங்கட வீட்டில ஆமை இல்லை. ஸ்கூலிலயும் சொல்லக்கூடாது. கீழ் வீட்டு அங்கிளிட்டயும் சொல்லக்கூடாது. விளங்குதோ?"

ஷெறோன் அந்த மாதம், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். பொய், களவு, கீழ்ப்படியாமை எல்லாம் அவளுக்குப் புதிதாகப் படித்த பாடம். "அது பொய்யெல்லோ அம்மா?"

"பொய்யில்லை. எங்கட விசயத்தை மற்ற ஆக்களுக்குச் சொல்லாமல் விடுறது."

"அப்ப நான் ஃபாதரிட்ட சொல்லலாமோ?"

"ஒருதரிட்டயும் வேண்டாம்," என்றாள்.

பிறகு மகளைக் கண்ணாடிக்கு முன்னால் விடாத குறையாகப் பழக்கினாள். கேட்டால் சிரிக்கக்கூடாது, கீழே பார்க்கக்கூடாது, யோசிக்கிற மாதிரி மேலேயும் பார்க்கக்கூடாது. முகத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு ஒரே தரத்தில் சொல்லவேண்டும். மூன்றாவது முறையில் ஷெறோன் அதைச் சுத்தமாகச் செய்தாள். கெட்டிக்காரி என்று றஜீனா அவள் தலையைத் தடவினாள்.

ஆமைமேல் அவளுக்கு வெறுப்பென்று சொல்லமுடியாது. காலையில் ஜெராட் வேலைக்குப் போனபின் அதைச் சூப் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிஷம் இருத்துவது அவள் வேலையாகிப் போயிருந்தது. மண் காயாமல் தண்ணீர் தெளிப்பாள். ரோட்டுக்கரைப் புல் வேண்டாம் என்று பூங்காவின் உள்மூலைவரை நடந்து மஞ்சள் பூப் பூக்கும் ஒரு களைச்செடியின் இலையை அதற்குத் தின்னப் பிடுங்கி வருவாள். கல்லின்மேல் முப்பத்திரண்டு பாகை இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நாலு தரம் பார்ப்பாள். தண்ணீர் தெளிக்கும்போது அது கழுத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளும். "நல்லா நடிக்கிறாய்," என்பாள் அதற்கு.

பத்து நாள் இப்படியே போனபின், செவ்வாய்க்கிழமை வீட்டு ஏஜென்ஸியிடமிருந்து கடிதம் வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு ஆள் வந்து காஸ் பொயிலரைப் பரிசோதிக்கும், வீட்டில் ஆராவது நிற்கவேண்டும். போன வருஷமும் இதே கடிதம்தான் வந்தது. ஆனால் போன வருஷம் ஏப்ரலில் வந்தது, இது பெப்ரவரி. ஏன் இரண்டு மாதம் முந்தி? பகல் முழுக்க யன்னலில் எரியும் வெள்ளை லைற்றைப் பற்றி ஆரோ ஏஜென்ஸிக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்? ஜம்புநாதனைத் தவிர ஆர்? திங்கட்கிழமை அவர் படியில் நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தார், இவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார். அவருடைய வீட்டு விசயமாகவும் இருக்கலாம். எல்லாம் சரியாக இருக்கலாம் என்று லோயரை நம்பித்தான் போன தரம் கெட்டாள்.

"இஞ்சாருங்கோ, இதை நிஷாந்திட்டத் திருப்பிக் குடுங்கோ," என்றாள் குசினியில் ஜெராட்டிடம். "என்ர விசா வந்தாப்பிறகு ஆமையென்ன, ஆனை வாங்குவம்."

"அவன் பாரிசுக்குப் போயிட்டான். வெள்ளிதான் வருவான்."

"அப்ப வெள்ளி பின்னேரம் குடுங்கோ. வியாழனை நான் சமாளிக்கிறன்."

"பிள்ளை?"

"பிள்ளைக்குப் பிறகு சொல்லலாம்."

அடுத்த அறையில் படம் கீறிக்கொண்டிருந்த ஷெறோனின் பென்சில் சத்தம் நின்றது. அதை இருவருமே கவனிக்கவில்லை.

வியாழன் காலை றஜீனா லைற்றுகளைக் கழற்றி உடுப்பு அலுமாரிக்குள் வைத்தாள். ஆமைப்பெட்டியின் மேல் பலகை வைத்து, படுக்கை விரிப்பால் மூடி, அதன்மேல் இஸ்திரி போடாத உடுப்புகளைக் குவித்தாள். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஷெறோன் வீட்டில்தான் நின்றாள். பத்து மணிக்குச் சரியாக ஆள் வந்தான். தாடிக்காரன், காதில் பாட்டு. நேரே குசினிக்குப் போய் பொயிலரின் மூடியைக் கழற்றினான். எதையோ அளந்தான், எதையோ தட்டினான். இவள் பின்னாலேயே நின்று அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். அது பொயிலரைவிட்டு எங்கேயும் போகவில்லை. இருபது நிமிஷத்தில் ஒரு தாளைக் கிழித்துத் தந்தான்.

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏன் இந்த முறை முந்தி வந்தீர்கள் என்று கேட்டாள். இந்த வீதியில் எல்லா வீட்டையும் ஒரே கிழமையில் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், கீழ் வீட்டையும் இப்போதுதான் முடித்தேன் என்றான். கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டு றஜீனா சிரித்தாள். பாவம் ஜம்புநாதன் என்று நினைத்தாள். அவருக்கு ஒரு கேக்குத் துண்டாவது கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றும் நினைத்தாள்.

உடுப்பை அள்ளிப் போட்டு, விரிப்பையும் பலகையையும் எடுத்து, லைற்றைக் கொழுவினாள். பூச்சட்டியைத் தூக்கினாள். அதற்கடியில் ஒன்றும் இல்லை. குஞ்சுகள் மண்ணுக்குள் புதைந்து படுக்கும் என்று ஜெராட் சொன்னது ஞாபகம் வந்து, ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புவரை விரல்களால் மண்ணைத் துழாவினாள். இரண்டாம் தரமும் துழாவினாள்.

"ஷெறோன்!"

மகள் தன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். வீட்டுக்குள்ளே, பள்ளிக்கூடக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

"ஆமை எங்க பிள்ளை?"

ஷெறோன் சிரிக்கவில்லை. கீழே பார்க்கவில்லை, மேலேயும் பார்க்கவில்லை. "எங்கட வீட்டில ஆமை இல்லை," என்றாள்.

"பொயிலர்காரன் போயிட்டான். அம்மாதானே கேக்கிறன்."

"இல்லை அம்மா. ஆமை இல்லை."

அந்த முகத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை. தான் பெற்ற முகத்தில் முதல் முறையாக ஒன்றும் வாசிக்க முடியாமல் நின்றபோது, விண்ணப்பம் திரும்பி வந்த நாளில்கூட வராத ஒரு பயம் றஜீனாவுக்கு வந்தது. கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

"அம்மா கோபிக்கமாட்டன். சொல்லு."

"நீங்கள் வெள்ளிக்கிழமை குடுத்துப்போடுவீங்கள். எனக்குப் பிறகு சொல்லலாமெண்டு அப்பாட்டச் சொன்னனீங்கள்."

"குடுக்கமாட்டன். சத்தியமாக் குடுக்கமாட்டன்."

ஷெறோன் தலையணைக்கடியிலிருந்து ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து நீட்டினாள். "எழுதித் தாங்கோ."

றஜீனா எழுதத் தொடங்கினாள்.

"இங்கிலீசில எழுதுங்கோ. தமிழில எழுதினா என்ன எழுதினீங்களெண்டு எனக்குத் தெரியாதெல்லோ."

அந்தத் தாளைக் கிழித்து, புதுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். விண்ணப்பப் படிவங்களில் எழுதிப் பழகிய பெரிய எழுத்துகள். இந்த வீட்டில் இருக்கும் ஆமை ஷெறோனுடையது, அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். எழுதி முடித்ததும் கை நின்றது. இந்த வீட்டில் ஆமை இருக்கிறதென்று தன் கையாலேயே, தன் பெயரிலேயே. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் ஒருத்தனுக்கு?

"சைன் பண்ணுங்கோ. திகதியும்."

கையெழுத்துப் போட்டாள். திகதி போட்டாள். ஷெறோன் அதை வாங்கி விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தாள்.

"அப்பாவும் சைன் பண்ணவேணும்."

"அப்பா ஆறு மணிக்குத்தானே வருவார்."

"ஓம்."

கோட்டின் வலப்பக்கப் பை மெல்ல அசைந்தது. உள்ளே எதையோ பொத்தியிருந்த ஷெறோனின் கையும் அதோடு அசைந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒரு எட்டில் எடுத்துவிடலாம். றஜீனா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதுக்குக் குளிருமெல்லோ பிள்ளை," என்றாள்.

"என்ர கை சூடாத்தான் இருக்கு," என்றாள் ஷெறோன். கையை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த அறையில் லைற் வெறும் மண்ணின்மேல் எரிந்துகொண்டிருந்தது. கல் மெல்லமெல்லச் சூடேறத் தொடங்கியது.